மலைமேல லினக்ஸா? அக்கா சொல்றதைக் கேட்டுட்டு ஆரம்பி

கண்ணு, லினக்ஸ் பத்தி வீடியோ போடுறவங்கள்ல பாதிப் பேர் கரண்ட் போகாத, நெட் நிக்காத ஊர்ல உட்கார்ந்து பேசுறாங்க. நீ இருக்கிறது ஏற்காட்டுல. சேலத்துல இருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, 1,500 மீட்டர் உயரத்துக்கு வரணும். ஒரு சில்வர் ஓக் மரம் லைன் மேல சாய்ஞ்சா கரண்ட் எப்ப வரும்னு யாராலயும் சொல்ல முடியாது. கோடை விழா சமயத்துல ஒண்டிக்கடை ரவுண்டானா பக்கம் போன்ல ஒரு படம் அனுப்புறதே பெரும்பாடு. அதனால இங்க கம்ப்யூட்டர் வச்சிருக்கிறவங்களுக்கு நான் சொல்ற விதி ஒண்ணே ஒண்ணு: தேவைப்படுறதுக்கு முன்னாடியே சாமான் கையில இருக்கணும். கீழ சொல்றது எல்லாம் அதை வச்சுத்தான்.

1. பரண்மேல கிடக்கிற அரசு லேப்டாப்பை எடைக்குப் போடாதே.
2011-ல இருந்து தமிழ்நாட்டுல பிளஸ் டூ, காலேஜ் பிள்ளைங்களுக்கு அரசாங்கம் லேப்டாப் கொடுத்துச்சு. எஸ்டேட் குடியிருப்புல இருந்து மலைக் கிராமம் வரைக்கும் ஒண்ணாவது இருக்கும். பல லேப்டாப்புல விண்டோஸ் பக்கத்துலயே 'பாஸ்' லினக்ஸும் போட்டுத்தான் வந்துச்சு. சென்னை சி-டாக் டெபியனை வச்சு உருவாக்கினது அது. வாங்கின பிள்ளைங்கள்ல நிறைய பேர் அந்தப் பக்கம் திறந்துகூடப் பார்க்கல, அதுல எனக்கு இன்னும் வருத்தம்தான். தமிழ்நாடு அரசு நிறுவனமான எல்காட்டுக்கு சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநரா இருந்தப்பவே அங்க சூசே லினக்ஸ் கொண்டுவந்தாங்க. அதனால நம்ம ஊருக்கு இது ஒண்ணும் புதுசு இல்ல.

அதுக்காக அந்தப் பழைய பாஸையே ஓட்டாதே. பாதுகாப்பு அப்டேட் வராத சிஸ்டத்தை வச்சு பேங்க் வேலை பார்க்கவே கூடாது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஓட இலவச ஆதரவு முடிஞ்சுது. புதுசா லினக்ஸ் போடு. ஆனா முதல்ல ரெண்டு செலவு பண்ணு:

- ஹார்ட் டிஸ்கைக் கழட்டிட்டு சின்ன எஸ்எஸ்டி போடு. 2.5 இஞ்ச் சாட்டா வகை போதும். பழைய மெஷின் சட்டுனு எழுந்துக்கிறது இதனாலதான், டிஸ்ட்ரோவால (நீ போடற லினக்ஸ் வகையால) இல்ல.
- ராம் 2 ஜிபிதான் இருந்தா 4 ஆக்கு. சேலம் போறப்ப பழைய ராமோட ஸ்டிக்கரை போன்ல படம் எடுத்துட்டுப் போ. டிடிஆர்3-ஆ, டிடிஆர்3எல்-ஆனு கடைக்காரர் கேட்பார். அங்க நின்னு முழிக்காதே.

2. ஒரு டிஸ்ட்ரோ. ஒண்ணே ஒண்ணு.
4 ஜிபி இருந்தா லினக்ஸ் மின்ட், எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரைக்கும் அப்டேட் உண்டு. 2 ஜிபியோடயே ஓட்டணும்னா எல்எக்ஸ்கியூடி மேசையோட டெபியன். 32-பிட் மெஷினா இருந்தா கவனம்: 2025 ஆகஸ்ட்ல வந்த டெபியன் 13-ல 32-பிட் பிசிக்கு இன்ஸ்டாலரே இல்ல. டெபியன் 12 போட்டுக்கோ, 2028 ஜூன் வரைக்கும் தாங்கும்.

வாரத்துக்கு ஒரு டிஸ்ட்ரோ மாத்துற பழக்கம் இருக்கே, அதை மட்டும் விட்டுடு. ஒவ்வொரு தடவையும் ரெண்டு, மூணு ஜிபி இறக்கணும், பிரிண்டரை மறுபடி சேர்க்கணும், தமிழ் விசைப்பலகையை மறுபடி அமைக்கணும். படிக்கிற பிள்ளைக்கு அந்த நேரம் எங்க இருந்து வரும்? ஆசையா இருந்தா வர்ச்சுவல்பாக்ஸ்ல போட்டுப் பாரு, இல்ல பென்டிரைவ்ல லைவா ஓட்டிப் பாரு. தினமும் வேலை செய்யற மெஷின்ல கை வைக்காதே.

3. ஒரு பென்டிரைவ்ல வென்டாய் போட்டுத் தனியா வை.
வென்டாய் போட்ட பென்டிரைவ்ல ஐஎஸ்ஓ கோப்புகளை (டிஸ்ட்ரோவை இன்ஸ்டால் பண்ண இறக்குற கோப்பு) சும்மா காப்பி பண்ணினாலே போதும், நாலஞ்சு இருந்தாலும் பூட் ஆகறப்ப மெனுவா காட்டும். முதல் தடவை போடறப்ப பென்டிரைவ்ல இருக்கிறது எல்லாம் அழிஞ்சுடும், தங்கச்சி கல்யாண போட்டோ இருக்கிறதை எடுத்துடாதே. இறக்கின ஐஎஸ்ஓவுக்கு ஷா256 சரிபார்ப்பு கட்டாயம். விட்டுவிட்டு வர்ற நெட்ல இறக்கினது பாதியில உடைஞ்சிருக்க வாய்ப்பு அதிகம். அதைச் சரிபார்க்காம இன்ஸ்டால் பண்ணிட்டு லினக்ஸைத் திட்டாதே.

4. வைஃபை வரலையா? அழாதே.
பழைய லேப்டாப் சிலதுல பிராட்காம் சிப் இருக்கும். அதுக்கு டிரைவர் நெட்ல இருந்து வரணும், டிரைவர் இல்லாம நெட் வராது. போனை யுஎஸ்பி கேபிள்ல மாட்டி 'யுஎஸ்பி டெதரிங்'கை ஆன் பண்ணு. எந்த டிரைவரும் கேட்காம நெட் வந்துடும். அப்புறம் மின்ட்டோட டிரைவர் மேனேஜரைத் திறந்தா மீதியை அது பார்த்துக்கும்.

5. இடி இடிச்சா சுவிட்சை அணைச்சா மட்டும் போதாது.
இதை நான் கொஞ்சம் அழுத்தித்தான் சொல்வேன். சித்திரை, வைகாசிக் கோடை மழையிலும், ஐப்பசி மழையிலும் நம்ம சேர்வராயன் மலையில இடி விழறதை நீ பார்த்திருப்பே.

- பிளக்கையே சுவரை விட்டு உருவணும். சுவிட்ச் அணைச்சிருந்தாலும் அந்தச் சின்ன இடைவெளியை மின்னல் தாண்டிடும்.
- லேன் கேபிளையும் உருவு. எல்லாரும் மறக்கிறது இதைத்தான். ஃபைபர் கண்ணாடி இழை மின்னலைக் கடத்தாது, ஆனா ரூட்டரோட அடாப்டர் கரண்ட்லதானே நிக்குது! அது வழியா உள்ள வந்து, லேன் கேபிள் வழியா மதர்போர்டுக்குப் போயிடும்.
- மூணு பின் பிளக்குல எர்த் பின்னை வெட்டிட்டு ரெண்டு பின் சாக்கெட்ல சொருகறவங்களைப் பார்த்தா எனக்குக் கோபமே வரும். நம்மது பாறை மண், எர்த் லேசுல பிடிக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் குழியை அளந்து பார்க்கச் சொல்லு. வெயில் காலத்துல குழியில தண்ணி ஊத்து.
- டெஸ்க்டாப் வச்சிருந்தா சின்ன யுபிஎஸ் ஒண்ணு வேணும். வேலை பார்க்க இல்ல, ஒழுங்கா ஷட்டவுன் பண்ண. வீட்டுல இன்வெர்ட்டர் மட்டும் இருந்தா, அது சைன் வேவ் வகையானு பாரு. 'யுபிஎஸ் மோட்' சுவிட்ச் இருந்தா அதுல வை. இல்லேன்னா கரண்ட் மாறுற நொடியில மெஷின் ரீஸ்டார்ட் ஆகும்.
- பேட்டரி செத்த லேப்டாப்பை அப்படியே ஓட்டாதே. லேப்டாப்புக்குப் பேட்டரிதான் யுபிஎஸ்.

6. மேகம் கூடுறப்ப அப்டேட் கொடுக்காதே.
அப்டேட் பாதியில கரண்ட் போனா பேக்கேஜ் எல்லாம் அரைகுறையா நிக்கும், டெஸ்க்டாப் வராது. உடனே ஃபார்மேட் பண்ண ஓடாதே. ஆன் பண்ணினதும் ஷிஃப்ட் இல்ல எஸ்கேப்பை அழுத்து, க்ரப் மெனு வரும். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அதுக்குள்ள ரெக்கவரி மோட், அதுல 'டிபிகேஜி'ன்னு ஒரு வரி இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தா விட்ட இடத்துல இருந்து முடிச்சுக்கும். மின்ட்லயும் உபுண்டுலயும் இது இருக்கு. இந்த நாலு வரியை ஒரு தாள்ல எழுதி மேசை மேல ஒட்டு. மெஷின் விழுந்து கிடக்கிறப்ப கூகுள் பண்ண முடியாது.

7. டைம்ஷிஃப்ட்டை நம்பி போட்டோவை இழக்காதே.
டைம்ஷிஃப்ட் சிஸ்டத்தைத்தான் பழைய நிலைக்குக் கொண்டுவரும். உன் ஹோம் ஃபோல்டரைத் தானா சேர்க்காது. "டைம்ஷிஃப்ட் ஓடுதே, பேக்கப் இருக்கே"னு நினைச்சு ஏமாந்தவங்க எத்தனையோ பேர். ரெண்டும் தனித்தனி வேலை:

- சிஸ்டத்துக்கு டைம்ஷிஃப்ட். அது எக்ஸ்ட்4 மாதிரி லினக்ஸ் வகை பார்ட்டிஷன்லதான் சேமிக்கும், விண்டோஸ் வகை டிரைவ்ல சேமிக்காது.
- உன் கோப்புகளுக்கு டேஜா டூப், இல்ல மின்ட்டோட பேக்கப் டூல். எக்ஸ்டர்னல் டிஸ்க்ல வாரம் ஒரு தடவை.
- அந்த டிஸ்கை மெஷினுக்குப் பக்கத்துலயே வைக்காதே. மாசத்துக்கு ஒரு பிரதி எடுத்துக் கீழ சேலத்துல சொந்தக்காரங்க வீட்டுல கொடுத்து வை.

8. பனியும் ஈரமும்.
இது நம்ம ஊருக்கே உள்ள தொல்லை. ஜன்னலைத் திறந்து வச்சா பனி மேகம் நேரா மேசைக்கே வரும். மூடி பீரோவுல வச்ச லேப்டாப்புல பூஞ்சை பிடிக்கும். உபயோகிக்காத மெஷினையும் வாரத்துக்கு ரெண்டு தடவை அரை மணி நேரம் ஓட்டு, அந்தச் சூடே உள்ள இருக்கிற ஈரத்தை விரட்டும். பைக்குள்ள சிலிக்கா ஜெல் பாக்கெட் போடு. மார்கழிக் குளிர்ல விறைச்ச லேப்டாப்பைத் தூக்கிட்டு கீழ சேலம் அஸ்தம்பட்டி வெக்கைக்குப் போனா, உடனே ஆன் பண்ணாதே. ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த பாட்டில் மேல வேர்க்கிற மாதிரி உள்ள வேர்த்திருக்கும். ஒரு மணி நேரம் பொறு.

ஆன் பண்ணினா பீப் பீப்னு கத்திட்டு திரை கறுப்பாவே இருந்தா, பெரும்பாலும் ராம்தான். சார்ஜரை உருவு, பேட்டரியைக் கழட்டு, ராமை எடு. அடியில தங்க நிறப் பட்டை வரிசையா இருக்கும், ஈரத்துல மங்கிப் போயிருக்கும். பென்சில் ரப்பரால மெதுவா ரெண்டு பக்கமும் தேய், துகளை உலர்ந்த துணியால தட்டு, டக்குனு சத்தம் வர்ற வரைக்கும் அழுத்தி மாட்டு. இதுக்காக மலை இறங்கிப் போய் சர்வீஸ் சார்ஜ் கொடுக்காதே.

9. தேதி தப்பா இருக்கானு முதல்ல பாரு.
திடீர்னு எந்த சைட்டும் திறக்காம "பாதுகாப்பு இல்லை"னு சொல்லும். அப்டேட் மேனேஜர் "இன்னும் செல்லுபடியாகல"னு அடம் பிடிக்கும். நெட்டைக் குறை சொல்லாதே, மூலையில இருக்கிற தேதியைப் பாரு. பல வருஷம் பின்னாடி காட்டினா, மதர்போர்டுல இருக்கிற காசு மாதிரி பேட்டரி தீர்ந்துபோச்சு. டெஸ்க்டாப்புல அதுக்குப் பேரு சிஆர்2032, வாட்ச் கடையிலயே கிடைக்கும். மாத்தறதுக்கு முன்னாடி பயாஸ் திரைகளைப் போன்ல படம் எடுத்துக்கோ. பேட்டரியை எடுத்ததும் அமைப்பு எல்லாம் பழையபடி ஆயிடும், பூட் ஆகலைன்னு பதறுவே.

விண்டோஸும் லினக்ஸும் சேர்த்து வச்சிருந்து, விண்டோஸ்ல மட்டும் மணி அஞ்சரை மணி நேரம் பின்னால ஓடினா அது பேட்டரி இல்ல. லினக்ஸ் மெஷின் கடிகாரத்துல உலக நேரத்தை எழுதும், விண்டோஸ் அதை நம்ம நேரம்னு படிக்கும். லினக்ஸ்ல டைம்டேட்சிடிஎல் கட்டளையால 'லோக்கல் ஆர்டிசி'யை ஆன் பண்ணினா சரியாயிடும்.

10. தமிழ்ல அடிக்கணும்னா தமிழ்99 கத்துக்கோ.
1999-ல சென்னையில நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்கு அப்புறம் தமிழக அரசு ஏத்துக்கிட்ட விசைப்பலகை இது. உயிர் இடது கைக்கு, மெய் வலது கைக்கு. 'அம்மா'வுக்குப் புள்ளியைத் தேட வேண்டாம், ம-வை ரெண்டு தடவை அடிச்சா முதல் ம-வுக்குத் தானா புள்ளி விழும். புள்ளி விழலையா? நீ தப்பான இடத்துல எடுத்துட்டே. கீபோர்டு லேஅவுட் பட்டியல்லயும் 'தமிழ்நெட் 99'னு ஒண்ணு இருக்கு, அதுல இந்த வசதி கிடையாது. ஐபஸ் நிறுவி, அதோட எம்17என் தொகுப்பையும் போட்டு, அங்க இருக்கிற தமிழ்99-ஐ எடு.

பழைய பாமினி, வானவில் எழுத்துருவுல அடிச்ச கோப்புகளை உட்கார்ந்து திரும்ப அடிக்காதே. பைதான்ல 'ஓபன்-தமிழ்'னு ஒரு நிரலகம் இருக்கு, யூனிகோடுக்கு மாத்தித் தரும். அச்சுத் தாளா இருந்தா டெசராக்ட்டோட தமிழ்த் தரவைப் போட்டு ஸ்கேன்ல இருந்தே எழுத்தை எடுக்கலாம். சந்தேகம் வந்தா 2012-ல இருந்து வர்ற கணியம் இதழைப் படி. நித்யா துரைசாமி எழுதின 'எளிய தமிழில்' நூல்கள் இலவசமாவே இறக்கிக்கலாம். ஒரு சாயங்காலம் நெட் நல்லா இருக்கிறப்ப எல்லாத்தையும் இறக்கி வச்சுடு.

11. நெட் இல்லாத நாளுக்குச் சேர்த்து வை.

- கிவிக்ஸ் போட்டு தமிழ் விக்கிப்பீடியா முழுசையும் டிஸ்க்ல வை. பிள்ளைங்க ஹோம்வொர்க் நிக்காது.
- வீட்டு மெஷினுக்கு நெட்டே இல்லையா? ஆப்ட்-ஆஃப்லைன் இருக்கு, நம்ம நாட்டு டெபியன் டெவலப்பர் ரிதேஷ் ராஜ் சர்ராஃப் எழுதினது. வேணும்கிற பேக்கேஜ் பட்டியலை பென்டிரைவ்ல எடு, சேலத்துல யாராவது மெஷின்ல இறக்கு, மேல கொண்டுவந்து போடு. இறக்குற மெஷின் விண்டோஸா இருந்தாலும் பரவாயில்ல.
- போன்ல இருந்து கம்ப்யூட்டருக்கு போட்டோ அனுப்ப வாட்ஸ்அப் வேண்டாம், படத்தோட தரம் போயிடும். லோக்கல்சென்ட் போடு. ஒரே வைஃபையில இருந்தா போதும், இன்டர்நெட்டே தேவையில்ல.

12. பிரிண்டர் வாங்கறதுக்கு முன்னாடி கேளு.
பெட்டியில 'ஏர்பிரிண்ட்' இல்ல 'மோப்ரியா'ன்னு போட்டிருக்கானு பாரு. போட்டிருந்தா டிரைவர் இல்லாமலே லினக்ஸ்ல அச்சாகும். "எல்லா கம்ப்யூட்டர்லயும் ஓடும்"னு கடையில வாயால சொல்றதை நம்பி மலைமேல தூக்கிட்டு வராதே. பெட்டியைக் கட்டறதுக்கு முன்னாடி உன் லேப்டாப்பை அங்கயே மாட்டி, ஒரு தமிழ்ப் பக்கத்தை அச்சடிச்சுக் காட்டச் சொல்லு.