புதுமுடி சொல்லும் வேதியியல்: ரீபாண்டிங் செய்த பிறகு முடியை எப்படிப் பராமரிப்பது?

கெப்பாலா பத்தாஸில் படிவம் 4 படிக்கும் மாணவி ஒருவர் தீபாவளிக்கு முந்தின வாரம் தம் சுருள்முடியை ரீபாண்டிங் செய்து நேராக்கிக்கொண்டார் என்று வைத்துக்கொள்வோம். தீபாவளிப் படங்கள் எல்லாம் அழகாக வந்தன. அடுத்துத் தைப்பூசம் வருகிறது. கண்ணாடி முன் நிற்கிறார். காதுக்குக் கீழே முடி நூல் பிடித்தாற்போல் நேராகத் தொங்குகிறது. உச்சியில் மட்டும் அலை அலையாக எழும்பி நிற்கிறது. சீப்பு அந்த இடத்தில் சிக்குகிறது. இழுத்தால் சிறு சிறு துண்டுகளாக முடி கையோடு வருகிறது.

“அம்மா, ரீபாண்டிங் போயிடுச்சு. மறுபடியும் போய்ச் செஞ்சிட்டு வரட்டுமா?”

மாணவர்களே, இந்தக் கேள்விக்கு அவசரப்பட்டு விடை சொன்னால் முடி போகும். வேதியியலைக் கேட்டுவிட்டுச் சொன்னால் முடி பிழைக்கும். வாருங்கள், கேட்போம்.

போகவில்லை, வளர்ந்திருக்கிறது

முதலில் ஒரு தவற்றைத் திருத்துவோம். ரீபாண்டிங் “போகவில்லை”. நேராக்கிய முடி இன்னும் நேராகத்தான் இருக்கிறது. அதற்கு மேலே புதிய முடி முளைத்திருக்கிறது.

முடி, தோலுக்குள் சில மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கும் மயிர்ப்பை என்னும் குழியில் உருவாகிறது. அங்கேதான் உயிருள்ள உயிரணுக்கள் இருக்கின்றன. தோலுக்கு வெளியே வந்த முடியில் உயிர் இல்லை. சலூனில் பூசும் மருந்து வெளியே இருக்கும் முடியைத்தான் மாற்றுகிறது. மயிர்ப்பையின் வடிவம் மாறுவதில்லை. ஆகவே எத்தனை முறை நேராக்கினாலும் அடுத்து முளைப்பது நம் பிறவி முடியே.

தலைமுடி நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.35 மில்லிமீட்டர் வளர்கிறது. தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் இடைப்பட்ட காலம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். கணக்குக்காக 100 நாள் என்று கொள்வோம். 100 × 0.35 = 35 மில்லிமீட்டர். நம் மாணவி கண்ணாடியில் பார்த்தது அந்த மூன்றரை சென்டிமீட்டர் புதுமுடியைத்தான்.

இரண்டு வகைப் பிணைப்புகள்

முடி பெரும்பாலும் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. நீண்ட கெரட்டின் இழைகளைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டி வைத்திருப்பவை பிணைப்புகள். அவற்றுள் இரண்டை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

ஒன்று, ஹைட்ரஜன் பிணைப்பு. இது எண்ணிக்கையில் மிக அதிகம், ஆனால் வலுக் குறைந்தது. தண்ணீர் பட்டால் விடுபடும். காய்ந்தால் அந்த நேரத்தில் முடி எந்த வடிவில் இருக்கிறதோ அதே வடிவில் மீண்டும் கட்டிக்கொள்ளும். ஈரமுடியைப் பின்னிக் காயவிட்டால் அலை விழுவது இதனால்தான். காற்றில் ஈரம் கூடினால் அந்த அலை கலைந்துவிடுவதும் இதனால்தான்.

முடிக்கும் ஈரத்துக்கும் உள்ள இந்த உறவு பழைய செய்தி. சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவைச் சேர்ந்த சோசூர் என்ற அறிவியலாளர், ஈரம் கூடினால் முடி சற்று நீள்வதைக் கண்டு, 1783இல் மனித முடியைக் கொண்டே காற்றின் ஈரப்பதத்தை அளக்கும் கருவியை விளக்கி நூல் எழுதினார்.

மற்றொன்று, டைசல்பைடு பிணைப்பு. இது இரண்டு கந்தக அணுக்கள் கைகோத்து நிற்கும் வலுவான பிணைப்பு. தண்ணீருக்கு மசியாது. முடி கருகும்போது வரும் வாடைக்கு அதிலுள்ள கந்தகமும் ஒரு காரணம். சுருள்முடியை நிரந்தரமாக நேராக்க வேண்டுமென்றால் இந்தக் கந்தகக் கைகளைப் பிரித்தாக வேண்டும்.

சலூனில் என்ன நடக்கிறது?

1990களில் ஜப்பானில் உருவான வெப்ப நேராக்க முறையைத்தான் நம் நாட்டில் ரீபாண்டிங் என்கிறோம். அதில் மூன்று படிகள் உள்ளன. முதலில், தயோகிளைக்கோலேட் சேர்ந்த காரக் குழைமம் டைசல்பைடு பிணைப்புகளைப் பிரிக்கிறது. இது ஒடுக்க வினை. அடுத்து, சூடான தட்டு இரும்பால் முடியை நேராக இழுக்கிறார்கள். கடைசியில், ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற ஒரு பொருள் பிரிந்த கந்தகங்களை மீண்டும் இணைக்கிறது. இது ஆக்சிஜனேற்ற வினை. படிவம் 5இல் நீங்கள் படிக்கும் ரெடாக்ஸ் வினை சலூன் நாற்காலியில் நடக்கிறது!

ஆனால் பிரிந்த கைகள் எல்லாம் திரும்பவும் சேர்வதில்லை. ஒவ்வொரு முறையும் சில பிணைப்புகள் நிரந்தரமாகப் போய்விடும். எனவே நேரான முடி பார்வைக்குப் பளபளத்தாலும் முன்பைவிட வலுக் குறைந்ததே.

ரிலாக்ஸர் என்பது இன்னொரு வகை. ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்களிடையே நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ளது. அதில் பல வகைகளில் இருப்பது சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற வன்காரம். அதன் பிஎச் மதிப்பு 13 வரைகூடப் போகும். ரீபாண்டிங் குழைமத்தின் பிஎச் பொதுவாக 9ஐ ஒட்டி இருக்கும். வேறுபாடு வெறும் 4 தானே என்று எண்ணிவிடாதீர்கள். பிஎச் அளவில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. நான்கு படி என்றால் 10,000 மடங்கு காரத்தன்மை! இந்த முறையில் டைசல்பைடு பிணைப்பிலிருந்து ஒரு கந்தக அணு வெளியேறிவிடும். அதைத் திரும்பச் சேர்க்க வழியில்லை. அதனால் ஒரு முறையில் நேராக்கிய முடியின்மேல் மற்ற முறையைப் பயன்படுத்தக் கூடாது.

முறிவது எந்த இடத்தில்?

முடியின் மேற்புறத்தைச் செதில்கள் மூடியிருக்கின்றன. அத்தாப்புக் கூரையில் ஓலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கீழ்நோக்கி அடுக்கியிருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கூரைமேல் மெல்லிய கொழுப்புப் படலம் ஒன்றும் உண்டு. அது தண்ணீரைத் தள்ளும், சீப்பை வழுக்கவிடும். நேராக்கும் மருந்தின் காரத்தன்மை செதில்களைத் தூக்கிவிடுகிறது, படலத்தையும் அரித்துவிடுகிறது. கூரை பிரிந்த வீட்டில் மழைநீர் புகுவதும் எளிது, காய்வதும் எளிது. நேராக்கிய முடி தண்ணீரை வேகமாக உறிஞ்சி வேகமாக இழப்பது அப்படித்தான்.

இப்போது ஒரே முடியில் இரண்டு வகைப் பகுதிகள் இருக்கின்றன. மேலே வலுவான சுருள். கீழே வலுக் குறைந்த நேர்முடி. இரண்டும் சந்திக்கும் எல்லையில் முடி வளைகிறது, பக்கத்து முடிகளோடு சிக்குகிறது. சீப்பு தடைப்படுவதும் அங்கேதான். இழுவிசை முழுவதும் அந்த ஓரிடத்தில் குவிகிறது. முறிவும் அங்கே நிகழ்கிறது.

ஆக, புதுமுடி வளரும் மாதங்களில் நம் வேலை ஒன்றுதான். அந்த எல்லையை ஈரப்பசையோடும் உராய்வு இல்லாமலும் காப்பது.

எண்ணெய் வேறு, ஈரம் வேறு

“தலைக்கு எண்ணெய் வை, வறட்சி போய்விடும்” என்பார் பாட்டி. அதில் பாதி உண்மை இருக்கிறது. முடிக்கு ஈரம் தருவது தண்ணீர். எண்ணெயில் தண்ணீர் இல்லை. எண்ணெய் செய்வது, உள்ளே இருக்கும் ஈரம் விரைவில் வெளியேறாமல் தடுப்பதும், தண்ணீர் அளவுக்கு மீறி உள்ளே புகாமல் காப்பதும்.

முடி நனையும்போது பருக்கிறது, காயும்போது சுருங்குகிறது. இது திரும்பத் திரும்ப நடந்தால் செதில்கள் தளர்ந்து புரதம் கழன்று போகும். 2003இல் இந்திய ஆய்வாளர்கள் ரேலே, மொஹிலே இருவரும் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டார்கள். முடியிலிருந்து புரதம் இழப்பதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அதில் மிகுந்துள்ள லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியது, நேரானது. அதனால் முடிக்குள் நுழைய முடிகிறது. இந்த ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனமொன்றில் பணியாற்றியவர்கள் என்பதையும் அறிவியல் மாணவர் குறித்துக்கொள்ள வேண்டும். பாட்டியின் பழக்கத்துக்கு ஆய்வுக்கூடத்தில் ஓர் ஆதாரம் கிடைத்திருக்கிறது. ஆனால் எண்ணெய், போன பிணைப்பை மீண்டும் ஒட்டவைக்காது.

குளிக்கும் நாளில் செய்ய வேண்டியவை

1. தலைகுளிக்கச் சற்று முன்பே கொஞ்சம் தேங்காய் எண்ணெயை எல்லைப் பகுதியிலிருந்து நுனிவரை தடவுங்கள். பொடுகு இருந்தால் உச்சந்தோலில் எண்ணெய் வேண்டாம். பெரிய சிக்குகளை விரலால் பிரித்துவிடுங்கள்.

2. ஷாம்பு தலைத்தோலுக்கு மட்டும். வழியும் நுரையே நீள்முடிக்குப் போதும். முடியைக் குவித்துக் கசக்காதீர்கள். புறப்பாட நடவடிக்கையில் வியர்த்த நாள்களில் வெறும் தண்ணீரில் அலசினாலும் போதும்.

3. கண்டிஷனர் கட்டாயம். கெட்டுப்போன முடியின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் அதிகம். கண்டிஷனரில் உள்ள மூலக்கூறுகள் நேர்மின்னூட்டம் கொண்டவை. எதிரெதிர் மின்னூட்டங்கள் ஈர்க்கும் அல்லவா? அதனால் எங்கே சேதம் அதிகமோ அங்கே கண்டிஷனர் அதிகமாக ஒட்டும்.

4. கண்டிஷனர் தலையில் இருக்கும்போதே அகலப் பல் சீப்பால் வாருங்கள். நுனியில் தொடங்கி மேலே ஏறுங்கள். எல்லைக்கு மேலே முடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டால் இழுவை வேர்வரை போகாது.

5. துவாலையால் தேய்க்காதீர்கள். பழைய பருத்தி டி-சட்டையால் ஒற்றி எடுங்கள். லேசான ஈரம் இருக்கும்போதே இரண்டு மூன்று துளி எண்ணெயை உள்ளங்கையில் பரப்பி முடிமேல் தடவுங்கள்.

6. ஈரத்தலையை இறுகக் கட்டாதீர்கள். அதன்மேல் தலைக்கவசம் மாட்டி மோட்டார் சைக்கிளில் ஏறவும் வேண்டாம். நனைந்த முடி எளிதில் நீளும், எளிதில் அறும்.

7. ஈரமுடியில் தட்டு இரும்பு கூடவே கூடாது. உள்ளிருக்கும் தண்ணீர் ஆவியாகி முடிக்குள் குமிழிகளை உண்டாக்கும். குமிழி விழுந்த இடத்தில் முடி முறியும்.

இரு வகை முடியையும் ஒன்றுபோல் காட்டலாமா?

காட்டலாம். அதற்கு மருந்து வேண்டாம், ஹைட்ரஜன் பிணைப்பே போதும். இரவில் முடி முக்கால் பங்கு காய்ந்த பிறகு தளர்வாகப் பின்னிவிடுங்கள். காலையில் அவிழ்த்தால் புதுமுடியும் பழைய முடியும் ஏறத்தாழ ஒரே அலையில் நிற்கும். பள்ளிக்குத் தளர்ந்த ஒற்றைப் பின்னலே நல்லது. நெற்றியோர முடி விறைக்கும் அளவுக்கு இழுத்துக் கட்டினால் நாளடைவில் அங்கே முடி உதிரும்.

செய்து பார்ப்போம்

ஒரு வாரம் சீப்பில் வரும் முடிகளை வெள்ளைத் தாளில் சேருங்கள். ஒவ்வொன்றின் நுனியையும் உருப்பெருக்கியால் பாருங்கள். ஒரு முனையில் சிறு வெள்ளைக் குமிழ் இருந்தால் அது தன் ஆயுள் முடிந்து இயல்பாக உதிர்ந்த முடி. நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது வழக்கம்தான். குமிழ் இல்லாமல், நீளம் குறைந்த துண்டாக இருந்தால் அது முறிந்த முடி. இரண்டையும் தனித்தனியே எண்ணி அட்டவணையிடுங்கள். மேலே சொன்ன பராமரிப்பை நான்கு வாரம் செய்துவிட்டு மீண்டும் எண்ணுங்கள். முறிந்தவை குறைந்தனவா என்பதை எண்களே சொல்லும்.

மறுபடியும் நேராக்க நினைத்தால்

புதுமுடி போதிய நீளம் வளரும் வரை, பொதுவாக ஆறு மாதமாவது, பொறுத்திருப்பது நல்லது. மருந்து புதுமுடிக்கு மட்டுமே போட வேண்டும். ஏற்கெனவே நேராக்கிய பகுதியில் மீண்டும் பட்டால் எஞ்சிய பிணைப்புகளும் பிரியும். முன்பு எந்த வகை மருந்து போட்டார்கள் என்பதைச் சலூன் அக்காவிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தலையில் புண்ணோ எரிச்சலோ இருந்தால் ஒத்திவையுங்கள். மருந்து போட்டபின் தோல் கொப்பளித்தாலோ திட்டுத் திட்டாக முடி கொட்டினாலோ அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் காட்டுங்கள்.

இன்னொரு செய்தியையும் பெற்றோருடன் பேசுங்கள். அமெரிக்காவில் 33 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைச் சுமார் 11 ஆண்டுகள் கவனித்த ஆய்வு ஒன்று 2022இல் வெளிவந்தது. நேராக்கும் மருந்துகளை அடிக்கடி பயன்படுத்தியவர்களிடம் கருப்பைப் புற்றுநோய் அதிகம் காணப்பட்டது. 70 வயதுக்குள் அந்நோய் வரும் வாய்ப்பு, பயன்படுத்தாதவர்களிடம் 1.64 விழுக்காடு, ஆண்டுக்கு நான்கு முறைக்கு மேல் பயன்படுத்தியவர்களிடம் 4.05 விழுக்காடு. மருந்துதான் காரணம் என்று இது உறுதிப்படுத்தவில்லை. தொடர்பு இருப்பதைக் காட்டுகிறது. தேவையில்லாமல் அடிக்கடி செய்ய வேண்டாம் என்ற எச்சரிக்கைக்கு அதுவே போதும்.

இனி நம் மாணவியின் கேள்விக்கு விடை சொல்லலாம். இப்போது போக வேண்டாம். சீப்பில் வரும் துண்டு முடிகளை முதலில் நிறுத்தட்டும். தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில் மொட்டையடித்துக் காணிக்கை செலுத்துவோர் அடுத்த தீபாவளிக்குள் தலை நிறைய முடியோடு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மயிர்ப்பை தன் வேலையை நிறுத்துவதே இல்லை. அது நாளும் 0.35 மில்லிமீட்டர் புதிய, வலுவான முடியைத் தந்துகொண்டிருக்கிறது. அந்தச் சுருளைக் குறையாக நினைத்து இழுக்கப் போகிறோமா, நம்முடைய முடியாக நினைத்துக் காக்கப் போகிறோமா என்பதை ஒவ்வொருவரும் தீர்மானிக்கலாம்.

சிந்தித்து விடை காண்க

1. ரீபாண்டிங் செய்து 180 நாள் ஆனால் புதுமுடி எத்தனை சென்டிமீட்டர் இருக்கும்?

2. தட்டு இரும்பால் நேராக்கிய முடி மழை நாளில் சுருள்கிறது. ரீபாண்டிங் செய்த முடி ஏன் சுருள்வதில்லை? பிணைப்புகளைக் கொண்டு விளக்குக.

3. பிஎச் 12 உள்ள குழைமம், பிஎச் 9 உள்ளதைவிட எத்தனை மடங்கு காரத்தன்மை கொண்டது?