கண்ணின் உள்நீர் சொல்லும் செய்தி

கணக்கு எழுதுவதும், சரக்கின் தரம் பார்ப்பதும், ரெம்பியாவிலிருந்து மலாக்காவுக்குக் கொள்முதலுக்காக வண்டி ஓட்டிச் செல்வதும் கண்ணை நம்பிய காரியங்கள். அந்தக் கண்ணை ஓசையின்றிப் பறிப்பது கிளாக்கோமா என்னும் கண் அழுத்த நோய். அது ஒரே நோயன்று, பல வகை நோய்களின் பொதுப் பெயர். இவ்வுண்மையைக் கண்ணின் உள்நீரிலுள்ள புரதங்கள் இன்று தெளிவாகக் காட்டுகின்றன. நம் வியாபார அன்பர்கள் அறிந்து பயனடைய வேண்டிய விஷயமாதலால் அதனை இங்கே விளக்குவோம்.

உள்நீர் என்பது எது?

அழும்போது வடியும் கண்ணீர் வேறு, உள்நீர் வேறு. கருவிழிக்குப் பின்னுள்ள சிறு அறையில் கால் மில்லிலிட்டர் அளவே நிற்கும் தெளிந்த நீர் இது. ஓயாமல் ஊறி, ஓரத்திலுள்ள வலை போன்ற திசுவின் வழியே வடிந்து இரத்தத்தில் கலக்கிறது. கடையில் சரக்கின் வரத்தும் போக்கும் ஒத்திருந்தால் இடம் நெருக்காது. போக்கு அடைபட்டால் மூட்டைகள் குவிந்துவிடும். கண்ணிலும் அப்படியே. வடிகால் அடைபட்டால் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பு சிறிது சிறிதாக அழிகிறது. அழிந்த நரம்பு மீண்டும் தழைப்பதில்லை.

நல்ல கண்ணின் உள்நீரில் புரதம் மிகக் குறைவு. இரத்தத்திலுள்ளதில் நூற்றில் ஒரு பங்குகூட இராது. ஆகவே சிறிய மாறுதலும் ஆராய்ச்சியாளருக்குப் புலப்பட்டுவிடுகிறது. மூட்டையைக் குத்தி ஒரு பிடி அரிசி எடுத்துத் தரம் காண்பதுபோல, கண்ணில் அறுவை செய்யும் வேளையில் ஒரு சொட்டு நீரை எடுத்துச் சோதிக்கிறார்கள்.

வகைக்கு ஓர் அடையாளம்

முதலாவது, திறந்த கோண வகை. வலியில்லை, சிவப்பில்லை. பலருக்கு இதில் டிஜிஎஃப் பீட்டா-2 என்னும் புரதம் மிகுந்திருக்கிறது. வடிகால் வலையில் நார்ப்பொருள் படியச் செய்து அதை இறுகவைப்பது இப்புரதத்தின் குணம்.

இரண்டாவது, செதில் படியும் வகை. முதுமையில் கண் வில்லையின் மேல் வெண்மையான பொடி படிகிறது. இதில் மிகுந்து காண்பது டிஜிஎஃப் பீட்டா-1. இந்நோய்க்கும் லாக்ஸ்எல்1 என்னும் மரபணுவுக்கும் உள்ள தொடர்பு 2007இல் ஐஸ்லாந்து, சுவீடன் மக்களிடம் தெரியவந்தது. 2008இல் சென்னை சங்கர நேத்ராலயா ஆய்வாளர்கள் இந்தியரிடமும் அதைக் கண்டார்கள்.

மூன்றாவது, கோணம் மூடும் வகை. ஆசிய மக்களிடம் அதிகம். திடீரென மூண்டால் கடும் வலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தோன்றும். அவ்வேளை உள்நீரில் இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சிப் புரதங்கள் பெருகுகின்றன. இதற்கு ஒரு நாளும் தாமதம் கூடாது.

நான்காவது, இனிப்பு நீர் உள்ளவர்கள் குறிப்பாக அறிய வேண்டியது. இரத்த ஓட்டம் குறைந்த விழித்திரை, விஇஜிஎஃப் என்னும் புரதத்தைச் சுரக்கிறது. அதனால் வேண்டாத புது இரத்தக் குழாய்கள் முளைத்து வடிகாலை மூடுகின்றன. நீரிழிவாளரின் கண்நீரில் இப்புரதம் மிகுந்திருப்பதை 1994இல் அமெரிக்க ஆய்வாளர் வெளியிட்டனர். பிற்பாடு அதை அடக்கும் ஊசி மருந்துகளே வந்துவிட்டன. அடையாளமாகக் கண்ட புரதம் சிகிச்சைக்கு வழிகாட்டியதற்கு இதுவே சான்று.

நமக்கு இதனால் என்ன?

உள்நீர்ச் சோதனை இன்னும் ஆராய்ச்சிக் கூடத்தோடு நிற்கிறது. அது வரட்டும் எனக் காத்திருக்க வேண்டியதில்லை. அழுத்தம் அளப்பது, கோணம் பார்ப்பது, நரம்பைப் பார்ப்பது, பார்வைப் பரப்பைச் சோதிப்பது ஆகிய நான்குமே இன்று வகை பிரிக்கப் போதுமானவை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையார் தென் தமிழகக் கிராமங்களில் 40 வயது கடந்த 5,150 பேரைச் சோதித்து 2003இல் வெளியிட்ட கணக்கில், 100க்கு 2.6 பேருக்குக் கிளாக்கோமா இருந்தது. அவர்களுள் திறந்த கோண வகையினரில் 100க்கு 90 பேருக்கு மேல் தம் நோயை அதற்குமுன் அறியவே இல்லை! நம்மில் பலருடைய பூர்வீகமும் அந்தத் தமிழகந்தானே.

ஆகவே நாம் கைக்கொள்ள வேண்டியவை:

1. நாற்பது வயதானதும் கண் அழுத்தமும் நரம்பும் பார்த்துக்கொள்வோம். கண்ணாடிக் கடையில் எழுத்துப் படிப்பது மட்டும் போதாது.

2. பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ இந்நோய் இருந்தால் முந்திக்கொள்வோம். இனிப்பு நீர் உள்ளவர்கள் ஆண்டுதோறும் விழித்திரையையும் காட்ட வேண்டும்.

3. அண்ணனுக்குத் தந்த சொட்டு மருந்தைத் தம்பி போட்டுக்கொள்ளலாகாது. வகை வேறானால் வைத்தியமும் வேறு.

4. கண் சிவந்ததென்று ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தைத் தாமாக வாங்கி நெடுநாள் போடக் கூடாது. அது சிலருக்கு அழுத்தத்தை ஏற்றிவிடும். 1997இல் கிளாக்கோமாவோடு தொடர்புபடுத்தப்பட்ட மயோசிலின் என்னும் புரதம், ஸ்டீராய்டு பட்ட வலைத் திசுவில்தான் முதலில் கவனத்துக்கு வந்தது.

5. நோன்பு மாதத்தில் மருந்தை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. கண்ணில் இடும் மருந்து நோன்பை முறிப்பதில்லை என்பதே ஷாஃபிஈ, ஹனஃபி இரு மத்ஹபுகளின் நிலை. அப்படியும் மனம் ஒப்பாதவர்கள் வைத்தியரைக் கேட்டு ஸஹரிலும் இஃப்தாரிலும் போடும்படி நேரத்தை மாற்றிக்கொள்ளலாம்.

வியாபாரத்தில் வந்த நஷ்டத்தை அடுத்த பருவத்தில் ஈடுகட்டலாம். இந்நோயால் இழந்த பார்வைக்கு ஈடில்லை, இருப்பதைக் காக்கவே முடியும். மலாக்கா மருத்துவமனையில் கண் பிரிவு உண்டு. சரக்கெடுக்க அடிக்கடி அப்பக்கம் போகும் நாம், ஒரு நாள் கண்ணைக் காட்டிவிட்டு வருவோமாக.