இந்தப் பலகை யார் வீட்டுடையது?

அன்புள்ள பாப்பாவுக்கு,

புதுச்சேரி வீட்டு மாடியின் படங்கள் வந்தன. பலகைத் தளத்தில் பாதியைக் கரையான் தின்றுவிட்டது, அத்தனையையும் பெயர்த்துவிட்டுக் காரைக்குடியிலிருந்து பழைய பர்மாத் தேக்கு இறக்கலாம் என்று மேஸ்திரி சொல்வதாக எழுதியிருக்கிறாய். ஒரு வாரம் பொறுக்கச் சொல்.

பழைய தளம் முழுவதும் கெட்டு நான் பார்த்தது அபூர்வம். சுவரை ஒட்டிய நுனிதான் ஈரம் வாங்கி முதலில் உளுக்கும். கரையானும் வெளிற்றைத்தான் தேடிப் போகும். தேக்கின் வைரத்தை எளிதில் தொடாது. ஒரு திருப்புளியால் பலகை பலகையாகக் குத்திப் பார். பொதுக்கென்று இறங்கினால் அந்த இடம் போயிற்று. இறங்காமல் நின்றால் அது உனக்கு மிச்சம். கெட்ட நுனியை அறுத்துவிட்டு, குறைந்த நீளத்தைச் சின்ன அறைக்குக் கொடு. இரண்டு அறைப் பலகையில் ஓர் அறை முழுசாகிவிடும். சுவருக்குள் நுழையும் உத்தரத் தலைகளையும் பார். அங்கே கோளாறு என்றால் தளத்தைப் பற்றிய பேச்சே பிறகுதான்.

பெயர்க்கும் முன் ஒவ்வொரு பலகைக்கும் சாக்பீஸால் எண் போட்டுப் படத்தில் குறித்துக்கொள். நாக்கும் காடியுமாகக் கோத்த பலகையைக் கடைசியாகப் போட்ட ஓரத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். நடுவில் கடப்பாரை விட்டால் நாக்கு முறியும். ஆணியை அடியிலிருந்து தட்டி மேலே தள்ளாதே, பலகையின் முகம் சிலாம்பாகப் பெயரும். பின்பக்கமாகக் குறட்டால் உருவு.

இவ்வளவுக்கும் பிறகு குறைந்தால் மட்டும் வாங்கு. வாங்கும்போது கேள்: இது யார் வீட்டுடையது, ஏன் இடித்தார்கள்? 2014 ஏப்ரலில் மியான்மர் மரக்கட்டை ஏற்றுமதியை நிறுத்தியது; பர்மாத் தேக்கு வேண்டுமென்றால் பழைய வீடுகளின் பக்கம்தான் கண் போகும். அதே ஆண்டில் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. இருந்தும் அங்கே வீடுகள் தூணும் கதவுமாகப் பிரிந்து கடைக்கு வருகின்றன. ஒருமுறை நான் கேட்காமல் ஒரு லோடு எடுத்தேன். கூரை ஒழுகாமல் நின்ற வீட்டை மரத்துக்காகவே இடித்திருந்தார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. ஒரு பழைய வீட்டைக் காப்பாற்ற இன்னொன்றைத் தின்றோம். அது இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. தானாக விழுந்த வீட்டு மரமென்றால் மனசார வாங்கு.

வந்த பலகையை உடனே அடிக்காதே. காரைக்குடி வெயிலில் காய்ந்தது, கடற்காற்றில் அகலவாக்கில் வீங்கும். நீளத்தில் அவ்வளவாக மாறாது. போடப்போகும் அறையிலேயே இடையிடையே ரீப்பர் வைத்து அடுக்கி இரண்டு மூன்று வாரம் விடு. கனம் கூடக்குறைய இருந்தால் அடிப்பக்கத்தை இழை, அல்லது உத்தரத்தின்மேல் சன்னச் சக்கை வை. முகத்தைத் தொடாதே, எத்தனையோ பேர் நடந்து தேய்ந்த வழவழப்பு, இழைப்புளி ஒரு முறை ஓடினால் போய்விடும். பழைய பெயின்ட் ஒட்டியிருந்தால் அதில் ஈயம் இருக்கலாம். உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்ப யாரையும் விடாதே, முக்கியமாக அங்கே குழந்தைகளோடு தங்கியிருக்கும் வேலையாட்களுக்காகச் சொல்கிறேன்.

மாற்றிய பகுதி பழையதோடு இசைய வேண்டும், ஆனால் மூலத்திலிருந்து பிரித்தறியவும் முடிய வேண்டும் என்று 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனம் கேட்கிறது. புதிதாகச் சேரும் ஒவ்வொரு பலகையின் அடியிலும் எந்த ஊர் மரம், எந்த ஆண்டு போட்டது என்று பென்சிலால் எழுதிவிடு.

உத்தரத் தலைகளைப் பார்த்ததும் படம் அனுப்பு. கிழக்குச் சுவரோரம் முதலில் பார். அங்கேதான் மழைத்தண்ணீர்க் குழாய் இறங்குகிறது.

உன் பெரியப்பா