ஆற்றுக்கு முந்தைய நாளே போய்விடுங்கள்

மதுரைச் சித்திரைத் திருவிழா என்றதும் வெளியூர்க்காரர்கள் மனதில் வருவது ஒரே காட்சிதான்: தங்கக் குதிரையில் அழகர், வைகை, கண்ணுக்கெட்டிய தூரம் வரை தலைகள். அதை மட்டும் பார்ப்பதற்கென்று இரவு பஸ் ஏறி வருகிறவர்கள், முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறார்கள். முதல் தடவை என் கதையும் அதுதான். விடியற்காலை நாலு மணிக்கே போய் மணலில் நின்றேன். தெரிந்தது ஒரு குடையின் நுனியும் நாலைந்து செல்போன் திரைகளும். வரும்போது காலில் ஒற்றைச் செருப்பு.

நாலு நாள் ஒதுக்க முடிந்தால் நல்லது. ஒரே ஒரு நாள்தான் என்றால் ஆற்றை விட்டுவிடுங்கள், முந்தைய நாளின் எதிர்சேவைக்குப் போங்கள்.

முதலில் தேதி. அழகர் ஆற்றில் இறங்குவது சித்ரா பௌர்ணமியை ஒட்டி. 2024-இல் ஏப்ரல் 23, 2025-இல் மே 12. மதுரையில் நடப்பது உண்மையில் இரண்டு திருவிழா. மீனாட்சியம்மன் கோயிலின் 12 நாள் விழா ஒன்று, அழகர்கோயிலின் விழா இன்னொன்று. மீனாட்சி திருக்கல்யாணம், மறுநாள் தேர், அதற்கு மறுநாள் ஆறு என்று மூன்றும் வரிசையாக வரும் என்று நம்பி டிக்கெட் போட்டுவிடாதீர்கள். 2025-இல் திருக்கல்யாணம் மே 8, தேர் மே 9. அழகருக்காக மேலும் மூன்று நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடும். பஞ்சாங்கத்தில் பௌர்ணமியைப் பார்த்து டிக்கெட்டைப் போட்டுவிட்டு, மற்றதைக் கோயில் அழைப்பிதழ் வந்தபின் முடிவுசெய்யலாம்.

அறை எடுக்கும்போது பெரும்பாலானோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் எடுப்பார்கள். அது ஆற்றின் தென்கரை. அழகர் வருவதோ வடக்கேயிருந்து. கோரிப்பாளையம் பக்கம் போக்குவரத்தை நிறுத்திவிட்டால் பாலம் தாண்டுவதற்குள் பாதி இரவு போய்விடும். கே.புதூர், தல்லாகுளம், மாட்டுத்தாவணி என்று வடகரையில் பாருங்கள். திருக்கல்யாணத்தையும் சேர்த்துப் பார்க்கிறவர்கள் மட்டும் முதல் இரண்டு நாளுக்கு மீனாட்சியம்மன் கோயில் பக்கம் தங்கலாம்.

பையில் என்ன வைப்பது? துண்டு ஒன்று, செல்போனைப் போட்டு மூட பிளாஸ்டிக் உறை, அறுந்தாலும் கவலையில்லாத செருப்பு. சாப்பாடு கட்டிக்கொள்ள வேண்டாம். அழகர் வரும் வழியெல்லாம் மண்டகப்படிகள், 400-க்கும் மேல். ஒவ்வொன்றிலும் சாமி நின்றுதான் போகும். நீர்மோர், பானகம், புளியோதரை, தக்காளி சாதம், விசிறி என்று கையில் திணித்துக்கொண்டே இருப்பார்கள். வேண்டாம் என்றால் மனம் வருந்துவார்கள். வாங்கி அடுத்தவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

இனி நடை. மதுரையிலிருந்து 21 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அழகர்மலையிலிருந்து, கள்ளர் கோலத்தில், காவல் தெய்வமான பதினெட்டாம்படிக் கருப்பனிடம் விடைபெற்று மாலையில் பல்லக்குக் கிளம்பும். இரவெல்லாம் வந்து, ஆற்றுக்கு முந்தைய நாள் விடியலில் மூன்றுமாவடியை அடையும். அங்கே ஊரே எதிர்கொண்டு அழைப்பதுதான் எதிர்சேவை. ஐந்து மணிக்கெல்லாம் அங்கே இருங்கள். மாட்டுத்தாவணியிலிருந்து ஆட்டோவில் கொஞ்ச தூரம்தான்.

அங்கே கூட்டத்தைவிடக் கைகளைக் கவனியுங்கள். செம்பு நிறையச் சர்க்கரை, அதன் வாயை மூடிய வாழையிலை, இலைமேல் சூடம். பல்லக்குத் தெரிந்த கணத்தில் ஒருவர் சூடத்திலிருந்து அடுத்தவர் பற்றவைத்து, சாலை நெடுக நெருப்பு ஓடும். "கோவிந்தா" என்ற குரல் அதன் பின்னால் ஓடும். சாமி நகர்ந்ததும் சூடம் அணைந்து இலை கருகியிருக்கும். சர்க்கரையை அள்ளி, "இந்தாப்பா, வாயில போட்டுக்க" என்று முன்பின் தெரியாத ஒரு அம்மா நீட்டுவார். லேசாகச் சூட வாசனை ஏறிய அந்தச் சர்க்கரைக்காகவே நான் ஒவ்வொரு வருடமும் போகிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

அதன்பின் பல்லக்கோடு நடங்கள். புதூர் வழியாகத் தல்லாகுளம் வந்து சேர இரவாகிவிடும். வெயில் ஏறியதும் அறைக்குப் போய்த் தூங்கிவிட்டு மாலையில் மறுபடி சேர்ந்துகொள்ளலாம். சாமி அதற்குள் அதிக தூரம் போயிருக்காது. பல்லக்கின் பின்னால் வரிசையாக வரும் உண்டியல் வண்டிகளைத் தவறவிடாதீர்கள். நள்ளிரவில் தல்லாகுளம் பெருமாள் கோயிலில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த ஆண்டாள் மாலையை அழகர் சூடிக்கொள்கிறார். அங்கிருந்துதான் தங்கக் குதிரை.

ஆற்றுக்கும் போயே தீருவேன் என்கிறீர்களா? 2022-இல் நெரிசலில் இரண்டு பேர் இறந்தார்கள். இதை மறக்க வேண்டாம். குழந்தைகளையும் வயதானவர்களையும் மணலுக்குக் கூட்டிப்போகாதீர்கள். உடன் வந்தவர்களைப் பிரிந்தால் எங்கே சேர்வது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். அந்த நேரம் செல்போன் எடுக்காது. அழகர் உடுத்தி இறங்கும் பட்டின் நிறம் பச்சை என்றால் வருடம் செழிப்பு என்பார்கள். அந்தச் செய்தி டீக்கடைக்கு உங்களுக்கு முன்பே வந்திருக்கும்.

கூட்டம் கலைந்ததும் ராமராயர் மண்டபத்துக்குப் போங்கள். தோல்பையில் தண்ணீர் நிரப்பி, சின்னக் குழாய் வழியே அழகர்மேல் பீய்ச்சுவார்கள். உங்கள்மேலும் விழும். பிளாஸ்டிக் உறை இதற்குத்தான்.

தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்கு நேரம் தவறி வந்த அண்ணன் அழகர் கோபித்துக்கொண்டு வண்டியூருக்குத் திரும்பிவிட்டார் என்பது மக்கள் சொல்லும் கதை. கோயில் சொல்வது மண்டூக முனிவரின் சாப விமோசனம். ஆற்றில் இறங்கிய மறுநாள் தேனூர் மண்டபத்தில் அது நடக்கும். வைகைக் கரையில், மதுரைக்கு மேற்கே உள்ள தேனூரில் நடந்துவந்த விழாவை மதுரைக்குக் கொண்டுவந்து மீனாட்சி கல்யாணத்தோடு சேர்த்தவர் திருமலை நாயக்கர் என்கிறார்கள். இந்த முடிச்சுகளை அவிழ்த்துப் பார்க்க ஆசையிருந்தால், வருவதற்கு முன் தொ. பரமசிவனின் 'அழகர் கோயில்' ஆய்வு நூலைப் படித்துவிடுங்கள்.

சாப விமோசனம் நடந்த அன்றிரவு ராமராயர் மண்டபத்தில் விடிய விடிய அழகரின் தசாவதாரக் காட்சி. இதற்குக் குழந்தைகளைக் கூட்டிப்போகலாம். உட்கார இடம் கிடைக்கும், பஞ்சுமிட்டாயும் கிடைக்கும். அதற்கடுத்த இரவு பூப்பல்லக்கு. வெளியூர்க்காரர்கள் அநேகமாக அதற்குள் கிளம்பியிருப்பார்கள். திரும்பும் டிக்கெட்டை அதற்கு மறுநாளுக்குப் போடுங்கள். அழகர் மலைக்குத் திரும்பியதும் 21 பூசணிக்காயில் சூடம் ஏற்றித் திருஷ்டி கழித்துத்தான் உள்ளே அழைக்கிறார்கள்.