தீப்பெட்டி பிறந்த ஊருக்கு ஒரு நாள் போவோமா?

ஒரு தீப்பெட்டி எடுத்துக்கோங்க. குச்சியைச் சுவத்துல உரசுங்க. பத்தாது. பெட்டியோட பக்கவாட்டில் உரசினாதான் பத்தும். ஏன்?

பதிலைத் தேடி ஸ்வீடனுக்குப் போகணும். அந்நாட்டின் இரண்டாவது பெரிய ஏரி வெட்டர்ன். பரப்பு சுமார் 1,900 சதுர கிலோமீட்டர். அதன் தென்முனையில் இருக்கிறது யோன்ஷோப்பிங் நகரம். 1284-லேயே நகர உரிமை பெற்ற ஊர். இங்கே லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் நடத்திய தீப்பெட்டித் தொழிற்சாலையின் 1848-ஆம் ஆண்டுக் கட்டடம்தான் இன்று தீப்பெட்டி அருங்காட்சியகம்.

அந்தக் காலக் குச்சிகளின் தலையில் வெண் பாஸ்பரஸ் இருந்தது. எங்கே உரசினாலும் பத்திக்கும். பையிலேயே பத்திய கதைகளும் உண்டு. அதைவிடக் கொடுமை, அதன் புகையைச் சுவாசித்த தொழிலாளர்களின் தாடை எலும்பே அழுகியது.

இதற்குத் தீர்வு சொன்னவர் குஸ்தாஃப் எரிக் பாஷ். 1844-ல் காப்புரிமை பெற்றார். அவரது யோசனை எளிமையானது: எரிய வேண்டிய பொருள்களை இரண்டாகப் பிரி. குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட். பெட்டியின் பக்கத்தில் சிவப்பு பாஸ்பரஸ். உரசும்போது மட்டும் இரண்டும் சேரும், தீ வரும். லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் இதை மேம்படுத்தி, 1855 பாரிஸ் உலகக் கண்காட்சியில் வைத்தார்கள். அப்புறம் உலகம் முழுக்க விற்பனைதான்.

நமக்கான பாடம் இதுதான்: ஆபத்தான பொருளுக்கு எச்சரிக்கைப் பலகை மாட்டுறதோட நிறுத்தக்கூடாது. வடிவமைப்பிலேயே ஆபத்தைப் பிரிச்சு வைக்கணும். உங்க அடுத்த புராஜெக்ட்ல யோசிச்சுப் பாருங்க.

ஊருக்குப் போனா இன்னும் பார்க்கலாம். மாவட்ட அருங்காட்சியகத்தில் இவ்வூரில் பிறந்த ஜான் பவுவரின் பூத ஓவியங்கள் இருக்கு. அவர் 1918-ல் இதே ஏரியில் கப்பல் மூழ்கி குடும்பத்தோடு இறந்தவர். ஏரிக்கரையோரமா வடக்கே போனா கிரன்னா. சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட புதினா மிட்டாய்க்குப் பேர்போன ஊர்.

ஸ்வீடன் தீப்பெட்டி நம்ம ஊருக்கும் வந்தது. ஸ்வீடிஷ் மேட்ச் நிறுவனம் 1923-ல் இந்தியாவில் தொடங்கியதுதான் விம்கோ. சென்னை மெட்ரோவில் 'விம்கோ நகர்' அறிவிப்பு கேட்டா, இனி யோன்ஷோப்பிங் ஞாபகம் வரட்டும்!