பாறை நிலத்தில் பைல்: எந்தச் சம்மட்டி, எந்த இடத்துக்கு?

பெங்களூரு–சென்னை விரைவுச்சாலைப் பணியில் சித்தூர் மாவட்டத்துக் குடிபாலா ஓர் எல்லைக்கல். பங்காருபாளையத்திலிருந்து வரும் ஒப்பந்தப் பகுதி இங்கே முடிகிறது. வாலாஜாபேட்டைக்குப் போகும் பகுதி இங்கே தொடங்குகிறது. பெரிய வேலை நடக்கும் ஊரில் அரிசி ஆலை கட்டுபவருக்கும் கல்யாண மண்டபம் கட்டுபவருக்கும்கூட “நாமும் பைல் அடிச்சுடலாமா?” என்று தோன்றும். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கத்து மேட்டு நிலத்துக்குப் பைல் அடிக்கும் சம்மட்டியைக் கொண்டுவராதீர்கள். ஆற்று மணலுக்கோ கடற்கரைக்கோ வேலை எடுத்துப் போனால்தான் அதற்கு வேலை.

காரணம் மண். சித்தூர் மாவட்டத்தின் அடியில் இருப்பது கிரானைட்டும் நைஸ் பாறையும். மேலே செம்மண், அதன்கீழ் மக்கிய பாறை, அப்புறம் கெட்டிப்பாறை. கெட்டிப்பாறை எத்தனை அடி ஆழத்தில் வருகிறது என்பதைச் சொல்வதும் ஒரு சின்னச் சம்மட்டிதான். மண் பரிசோதனைக்கு வருபவர்கள் 63.5 கிலோ எடையை 75 செ.மீ. உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விடுவார்கள். முதல் 15 செ.மீ. கணக்கில் வராது, அடுத்த 30 செ.மீ. இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருக்கிறது என்பதே ‘N’ மதிப்பு. 1902-ல் அமெரிக்காவில் சார்லஸ் கோ தொடங்கிவைத்த முறை இது. ஐம்பது முறை அடித்தும் 30 செ.மீ. இறங்கவில்லை என்றால், பெரிய சம்மட்டியும் அங்கே பைலை உடைக்குமே தவிர இறக்காது. சாதாரண ஃபுட்டிங்கே போதும், செலவும் குறைவு.

ஒரே ஒரு எச்சரிக்கை. மக்கிய நைஸுக்குள் உருண்டைக் கற்கள் புதைந்து கிடக்கும். போர் அப்படி ஒரு கல்லின் தலையில் தட்டி நின்றால் ‘பாறை வந்துவிட்டது’ என்று எழுதிவிடுவார்கள். கல்லுக்குள் சில மீட்டர் துளைத்து, கோர் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஏரிக்கரையோரக் கருங்களிமண் என்றால் கதை வேறு: வெயிலில் வெடித்து, மழையில் உப்பும் அந்த மண்ணில் வீடு கட்ட, அடியில் குமிழ் வைத்த அண்டர்-ரீம்டு பைல் ஏற்றது. குமிழின் விட்டம் தண்டைப்போல் சுமார் இரண்டரை மடங்கு. கை ஆகரிலேயே தோண்டலாம், சம்மட்டிச் சத்தமே கிடையாது.

பாலத்துக்குப் பாறைக்குள் இறங்கியே ஆகவேண்டும் என்றால் இரண்டு வழி. முக்காலி நட்டு, வின்ச்சில் கனத்த உளியைத் தூக்கிப் போட்டுக் கல்லை நொறுக்கி, பென்டோனைட் குழம்பால் சகதியை வெளியேற்றும் பழைய டிஎம்சி முறை ஒன்று. ரோட்டரி ரிக் இன்னொன்று. ரிக் வேகம், வாடகை அதிகம். பைல்கள் நிறைய இருந்தால்தான் கட்டுப்படியாகும். நாலைந்து பைலுக்கு முக்காலி போதும். எதுவானாலும் கான்கிரீட் போடுமுன் குழியின் அடிச்சகதியை எடுத்தார்களா என்று நின்று பாருங்கள். பைல் பிறகு அமுங்குவதற்கு அந்தச் சகதியே காரணமாகிவிடும்.

இனி, சம்மட்டிக்கு உரிய இடங்கள். தூக்கிப் போட்டு அடிப்பது ஆதிமுறை. கி.மு. 55-ல் ரைன் ஆற்றின் குறுக்கே சீசர் கட்டிய மரப்பாலமும் அப்படி அடித்து நட்ட மரக்கம்பங்கள் மேல்தான் நின்றது. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்துக்கு 1730-களின் இறுதியில் வாலுவே என்பவர் குதிரைகள் சுற்றி எடையைத் தூக்கும் இயந்திரம் செய்தார். திருப்பம் 1845-ல், டெவன்போர்ட் கப்பல்தளத்தில். ஜேம்ஸ் நாஸ்மித்தின் நீராவிச் சம்மட்டி, பழைய முறையோடு போட்டி போட்டு, ஒரு பைலை நாலரை நிமிடத்தில் இறக்கியது. மனிதர்கள் கயிறிழுத்த பக்கம் பன்னிரண்டு மணி நேரம் ஆனது என்று அவரே சுயசரிதையில் எழுதியிருக்கிறார். எனக்கு வேகத்தைவிட முக்கியமாகப்படுவது வேறொன்று. அவருடையது நாலு டன் எடை, மூன்றடி உயரம்தான் விழுந்தது. பைலின் தலை நலுங்கவில்லை. இலேசான எடையை வெகு உயரத்திலிருந்து விட்ட பக்கம் மரத்தலை நார்நாராகப் பிரிந்தது. கனம் அதிகம், உயரம் கம்மி: இன்றும் விதி இதுவே. சம்மட்டி குறைந்தது பைலின் பாதி எடையாவது இருக்கட்டும்.

வின்ச் சம்மட்டி மலிவு. பழுதானால் ஊர்ப் பட்டறையிலேயே சரிசெய்யலாம். சின்ன பிரீகாஸ்ட் பைலுக்கு நான் அதையே எடுப்பேன். டீசல் சம்மட்டிக்குத் தனியாகக் கம்ப்ரஸரோ பாய்லரோ வேண்டாம், ஆனால் அது பிடிவாதக்காரன்: மண் எதிர்த்தால்தான் எடை மேலே துள்ளி அடுத்த வெடிப்பு நடக்கும். எண்ணூர்ப் பக்கச் சேற்றில் முதல் சில மீட்டருக்கு அது அணைந்து அணைந்து போகும். புகையும் எண்ணெய்த் தெறிப்பும் கூடவே வரும். ஹைட்ராலிக் சம்மட்டியில் அடியின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கலாம், தந்த ஆற்றலை அளக்கலாம். கடலில் தடித்த இரும்புக் குழாய் இறக்க அதுவே சரி. விலைதான் தடை. அதிர்வுச் சம்மட்டி ஈர மணலில் ஷீட் பைலை வழுக்கிக்கொண்டு இறக்கும், பிடுங்கவும் உதவும். கெட்டிக் களிமண்ணில் திணறும். அதன் வேகத்தைப் பார்த்துத் தாங்குதிறனைச் சொல்ல முடியாது. பக்கத்தில் பழைய வீடு இருந்தால், 1975-ல் ஜப்பானில் வந்த சைலன்ட் பைலர் வகை, அதாவது அடிக்காமல் அழுத்தி இறக்குவது, இருக்கிறதா என்று விசாரியுங்கள். அடிக்காமலே கடலில் நின்ற உதாரணம் நம் சென்னையிலேயே உண்டு: 1860-களின் தொடக்கத்தில் வந்த இரும்புப் பியர், திருகி இறக்கிய ஸ்குரூ பைல்கள் மேல் நின்றது. 1872 புயல் அதைச் சேதப்படுத்தியது வேறு விஷயம்.

ஆற்றில் பைலின் ஆழத்தைக் குறைத்து மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். சித்தூரைத் தொட்டு வரும் நீவா, பொன்னையாகிப் பாலாற்றில் சேர்கிறது. 2021 வெள்ளத்துக்குப் பின், டிசம்பரில், திருவலம் அருகே பொன்னை ஆற்று ரயில் பாலத்தில் பழுது கண்டு ரயில்களை ரத்துசெய்ய வேண்டியதாயிற்று. வெள்ளம் எவ்வளவு மணலை அரித்துப் போகும் என்று கணக்கிட்டு, அதற்குக் கீழேதான் பைலின் பிடியைத் தொடங்க வேண்டும்.

கடைசி அடிகளில் பைல் எவ்வளவு இறங்கியது என்பதை ‘செட்’ என்பார்கள். வெலிங்டன் என்ற பொறியாளர் 1888-ல் தந்த எளிய சூத்திரத்தில் அந்த எண்ணைப் போட்டுத் தாங்குதிறன் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நம்பாதீர்கள், அடி ஓர் அலையாகப் பைலுக்குள் ஓடுகிறது என்பதை அது கணக்கில் எடுப்பதே இல்லை. 1960-ல் ஸ்மித் என்ற பொறியாளர் அந்த அலைக் கணக்கைத் தந்துவிட்டார். ஐஎஸ் 2911 சொல்லும் சோதனையில், வேலையில் உள்ள பைல் மேல் வடிவமைப்புச் சுமையின் ஒன்றரை மடங்கை ஏற்றிப் பார்ப்பார்கள். மண் அறிக்கை, ஒவ்வொரு பைலின் பதிவேடு, இந்தச் சுமைச் சோதனை முடிவு மூன்றும் கைக்கு வந்தபின் கடைசி பில்லுக்குப் பணம் கொடுங்கள்.