மொய் மேஜையை எங்கே போடுவது?

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அக்காவின் கல்யாண வேலைகளுக்கு நடுவிலும் மங்கலம்பேட்டையிலிருந்து இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். உன் கடிதத்தில் ஒரு வரி மட்டும் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. "வரவேற்பில் மொய் நோட்டு வைத்தால் பார்க்க நன்றாக இருக்காது, ஓர் அலங்காரப் பெட்டி வைத்துக் கவரை அதில் போடச் சொல்லிவிடலாம் என்கிறார்கள் நண்பர்கள். பெட்டியை எங்கே வைக்கலாம் ஐயா?" என்று கேட்டிருக்கிறாய்.

எங்கே வைப்பது என்பது நல்ல கேள்வி. அதற்குப் பதில் உண்டு. ஆனால் மொய் நோட்டு அநாகரிகம் என்ற பேச்சை நான் ஒப்புக்கொள்வதற்கில்லை. பட்டணத்து மண்டபங்களில் இதைப் பலர் சொல்லிக் கேட்டுவிட்டேன். சொல்கிறவர்கள் மொய்யே வேண்டாம் என்று விட்டுவிடுவதில்லை. வாங்குவதை வாங்கிக்கொண்டு, யார் கொடுத்தார் என்று எழுதி வைப்பதை மட்டும் கேவலம் என்கிறார்கள். எனக்கு இது தலைகீழாகப் படுகிறது. வாங்கியதை மறப்பதுதான் கேவலம்.

நோட்டு எதற்கு என்று யோசித்துப் பார். உன் அக்கா கல்யாணத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் இன்னும் ஐந்து, பத்து வருஷத்துக்குள் ஏதாவதொரு விசேஷம் வரும். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, புதுமனை புகுவிழா, கல்யாணம். அன்றைக்கு உன் அப்பா பரணிலிருந்து இந்த நோட்டை இறக்கி, ஊர்ப் பெயரைத் தேடி, ஆளின் பெயரைத் தேடி, அவர் அன்று செய்ததற்குக் குறையாமல் செய்துவிட்டு வருவார். கையில் பணமில்லாத வீடும் கல்யாணம் செய்ய முடிந்தது இப்படித்தான். வங்கி வராத ஊரில் வட்டியில்லாத கடனாக நின்றது மொய். அந்தக் கடனுக்கு இருந்த ஒரே பத்திரம் அந்த நோட்டு.

பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925இல் கொடையைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். பசிபிக் தீவுகள், வட அமெரிக்கப் பழங்குடிகள், பழைய ரோம் என்று பல இடங்களின் வழக்கங்களை ஒப்பிட்டவர், மகாபாரதத்தின் அனுசாசன பர்வத்தையும் விடவில்லை. நான் அதை 1954இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தேன். படிக்கப் படிக்க நம் ஊர்ப் பந்தலுக்குள் நிற்பது போலவே இருந்தது. மூன்று கடமைகளை அவர் சொல்கிறார்: கொடுக்க வேண்டும், கொடுத்ததை ஏற்க வேண்டும், திருப்பிச் செய்ய வேண்டும். மூன்றில் ஒன்று அறுந்தாலும் உறவு அறுகிறது. கிடைத்தால் அந்தப் புத்தகத்தைப் படி. பரீட்சைக்காகப் படிக்காதே, பொறுமையாகப் படி.

இதை நன்றாக அறிந்தவர்கள் புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கத்தாரும், தஞ்சை மாவட்டத்துப் பேராவூரணிக்காரர்களும். அங்கே ஆடி, ஆவணி மாதங்களில் மொய் விருந்து நடக்கிறது. கல்யாணம் இல்லை, காதுகுத்து இல்லை, மொய் வாங்குவதே விசேஷம். செலவைப் பகிர்ந்துகொள்ளப் பல குடும்பங்கள் சேர்ந்து ஒரே பந்தலில் கறிவிருந்து போடுகின்றன. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி மேஜை, பெயர்ப் பலகை, எழுத ஆள், எண்ண ஆள். வருகிறவர் பழைய மொய்யைத் திருப்பிச் செலுத்தி, அதற்கு மேல் புது மொய்யும் வைக்கிறார். லட்சக்கணக்கில் பணம் புரள்கிறது. பணம் எண்ணும் இயந்திரம்கூட வந்துவிட்டது. 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போனதும், 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையைச் சாய்த்ததும், பிறகு கொரோனா வந்ததும் அந்தப் பக்கத்து மொய்க் கணக்கை ஆட்டிவைத்தன. திருப்ப முடியாமல் தவித்த குடும்பங்களும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஆனாலும் அத்தனை பெரிய தொகையும் கைமாறுவது ஒரு நோட்டில் எழுதிய வரியை நம்பித்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வராது. மொய்யில் சேரும் அந்த ஒரு ரூபாய். 51, 101, 501, 1001. ஏன் அந்த ஒன்று என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலை ஒப்பிக்கிறார்கள்: ஒற்றைப்படை எண் வகுபடாது, அதனால் மணமக்கள் பிரிய மாட்டார்கள். நீ கணக்குப் படிக்கிறவன், நீயே பார். 51ஐ மூன்றால் வகுக்கலாம். 501ஐயும் மூன்றால் வகுக்கலாம். 1001ஐ ஏழாலும் பதினொன்றாலும் பதின்மூன்றாலும் வகுக்கலாம். இரண்டால் வகுபடாது என்பதே பொருள் என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார்கள். அப்படியானால் 55 வைக்கலாமே, 75 வைக்கலாமே? யாராவது வைத்துப் பார்த்திருக்கிறாயா? ஜப்பானியர் கல்யாணக் கவரில் இரட்டைப்படையைத் தவிர்க்கிறார்கள், பிரிவைக் குறிக்கும் என்று. சீனரோ நல்ல காரியத்துக்கு இரட்டைப்படைதான் வேண்டும் என்பார்கள், நான்கை மட்டும் தள்ளிவிட்டு. ஆக ஒற்றை, இரட்டை என்பது நம் வழக்கத்தை விளக்கப் போதாது.

நம்முடைய தொகை எப்போதும் முழுத்தொகையும் அதற்கு மேல் கொஞ்சமும். அந்தக் 'கொஞ்சம்' முன்பு ஒரு ரூபாயாகவும் இல்லை. கோயிலுக்கு முடிந்து வைத்த ஒன்னேகால் ரூபாயை உன் பாட்டி சொல்லியிருப்பார். வடக்கே சவா ரூபாய் என்பார்கள், அதுவும் ஒன்னேகால்தான். ரூபாய்க்குப் பதினாறு அணா இருந்த காலத்தில் அந்தக் கால் நாலணா. 1957 ஏப்ரல் 1இல் தசம நாணயம் வந்தபின் அது 25 பைசா. 2011 ஜூன் 30 முதல் 25 பைசா நாணயமே செல்லாது. நாணயம் போனது, 'கொஞ்சம் மேலே' என்பது போகவில்லை. கவரில் ஒட்டிய ஒரு ரூபாய்க் காசாக அது இன்றும் நிற்கிறது.

என் கருத்து இது: முழுத்தொகை ஒரு கணக்கை முடித்துவிடும். முடிந்த கணக்கில் உறவுக்கு வேலையில்லை. மேலே வைக்கும் அந்த ஒன்று அடுத்த கணக்கின் முதல் வரவு. "இத்தோடு தீரவில்லை, இன்னும் வருவோம், போவோம்" என்று காசு சொல்கிறது. மொய் விருந்தில் பழைய மொய்க்கு மேல் புது மொய் வைப்பதும் இதே எண்ணத்தின் பெரிய வடிவம். பெட்டிக்குள் விழும் கவருக்கும் அந்த ஒரு ரூபாய் ஒட்டித்தான் வருகிறது. ஆனால் அதைத் திறந்து எழுதி வைக்க நோட்டு இல்லையென்றால் தொடங்கிய கணக்கைத் தொடர ஆளில்லை.

சரி, இடத்துக்கு வருகிறேன். வரவேற்பு முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாலையில் என்று எழுதியிருக்கிறாய். மண்டபத்தில் என்ன நடக்கும் என்று உனக்கே தெரியும். மேடைக்குக் கீழே வரிசை நீளும். ஒவ்வொருவரும் ஏறி, கவரை மாப்பிள்ளை கையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். மாப்பிள்ளை அதைப் பின்னால் நிற்கும் தோழனிடம் தருவார், தோழன் ஒரு பையில் போடுவார். அந்தப் பை யார் கையில் போய் எங்கே முடிகிறது என்று அந்த நெரிசலில் யாரும் கவனிப்பதில்லை. ஆகவே மேடையில் பெட்டி வேண்டாம். மேடை வாழ்த்துக்கான இடம்.

வாசலிலும் வேண்டவே வேண்டாம். வாசலில் சந்தனமும் பன்னீரும் கற்கண்டும் இருக்கட்டும். அந்தத் தட்டுக்குப் பக்கத்தில் பெட்டி இருந்தால், வந்தவர் கண்ணுக்கு அது சினிமாக் கொட்டகையின் டிக்கெட் கவுண்டர் போலத் தெரியும். கொரியாவில் மண்டப வாசலிலேயே பெண் வீட்டாருக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒன்று என்று மேஜை போட்டு, கவரை வாங்கிப் பெயரை எழுதிச் சாப்பாட்டுச் சீட்டுக் கொடுப்பார்கள். அது அவர்கள் முறை, அங்கே யாரும் தவறாக நினைப்பதில்லை. நம் முறையில் முதலில் இலை, பிறகுதான் மற்றது. வந்தவர் வயிறு நிறைந்த பிறகு, கை கழுவி வெளியே வரும் வழியில், தாம்பூலப் பை கொடுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் மேஜை இருக்க வேண்டும். வெறுங்கையோடு வந்தவரும் அந்த வழியே கூச்சமின்றித் தாம்பூலம் வாங்கிக்கொண்டு போக இடம் விட்டுப் போடு. இதை மிக முக்கியமாகச் சொல்கிறேன். மொய் வைக்க வழியில்லாத ஒருவர் அந்த மேஜையைப் பார்த்துத் தலைகுனிந்து போகும்படி வைத்தால், நீங்கள் போட்ட சாப்பாட்டுக்குப் பொருளே இல்லை.

பெட்டி வேண்டுமென்றால் வை. நான் அதற்கு எதிரி இல்லை. அந்த மேஜை மேலேயே வை. கவர் தருகிறவர் பெட்டியில் போடட்டும், கையில் பணம் தருகிறவர் நோட்டில் எழுதட்டும். கவரை அவர் எதிரிலேயே பிரிக்காதே, அது மரியாதை இல்லை. ஆனால் வெறும் கவரை வாங்கிப் போடவும் விடாதே. பெயர் எழுதாத கவர்தான் பெட்டி முறையின் பெரிய நோய். இரண்டு மூன்று பேனாவை நூலில் கட்டி மேஜையில் வை. ஊர், தெரு, அப்பா பெயர், தன் பெயர் என்று கவரில் எழுதிவிட்டுப் போகச் சொல். உங்கள் ஊரில் ஒரே பெயரில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார். வீட்டில் கூப்பிடும் பெயரையும் சேர்த்து எழுதினால்தான் பத்து வருஷம் கழித்து ஆள் யாரென்று தெரியும். அன்றிரவே பெரியவர்கள் இருவர் முன்னிலையில் கவர்களைப் பிரித்து, அதே நோட்டில் ஏற்றிவிட வேண்டும். மறுநாளைக்கு என்று தள்ளினால் முகூர்த்த அவசரத்தில் அது நடக்காது.

மேஜையில் இரண்டு பேர் போதாது. எழுத ஒருவர், எண்ணி வைக்க ஒருவர், தாம்பூலம் கொடுக்க ஒருவர். எழுதுகிறவர் ஊர் முகம் தெரிந்தவராக, கையெழுத்து நன்றாக உள்ளவராக இருக்கட்டும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கூட்டுத்தொகை போட்டு, அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோகச் சொல். மின்விசிறிக் காற்றில் ரூபாய் நோட்டுகள் பறக்கும். பாரத்துக்குக் கண்ட கல்லையும் வைக்காதே. உனக்குப் பக்கத்தில் விருத்தாசலம் இருக்கிறது. கார்த்திகை அகல் விளக்கும் பொம்மையும் செய்கிற பீங்கான் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். ஒரு சின்னப் பிள்ளையாரை வாங்கி வை. தாம்பூலப் பையில் போட அகல் விளக்குகளையும் அங்கேயே வாங்கலாம். தொலைதூரத்துப் பிளாஸ்டிக் டப்பாவைவிட அது நூறு மடங்கு மேல்.

ஸ்கேன் செய்து பணம் அனுப்பும் அட்டையும் வைக்கலாமா என்று கேட்பாய். 2021 ஜனவரியில் மதுரையில் ஒரு குடும்பம் கல்யாணப் பத்திரிகையிலேயே அதை அச்சிட்டது. தொலைவிலிருப்பவருக்கு உதவும்தான். ஆனால் பத்திரிகையில் அச்சிடாதே, அழைப்போடு சேர்த்துக் கேட்பதாகிவிடும். மேஜையில் ஓரமாக இருக்கட்டும். அதில் வருவதையும் நோட்டில் ஏற்று.

கடைசியாக, சட்டம். கல்யாணத்துக்கு மணமக்களுக்கு வரும் அன்பளிப்புக்கு வருமான வரி இல்லை. அந்தச் சலுகை மணமக்களுக்குத்தான், அப்பா அம்மாவுக்கு என்று வருவதற்கு இல்லை. 2017 ஏப்ரல் முதல் இன்னொரு விதியும் உண்டு: ஒரே விசேஷத்துக்காக ஒரே ஆளிடமிருந்து 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. நாளைக்கு யாராவது கேட்டால், எது யாருக்கு யாரிடமிருந்து வந்தது என்று காட்ட உன் அலங்காரப் பெட்டி உதவாது. நோட்டு உதவும்.

ஆகவே தம்பி, நண்பர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். கெட்டி அட்டை போட்ட நல்ல நோட்டாக ஒன்று வாங்கு. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு, முதல் வரியைத் தாய்மாமன் பெயரில் எழுதச் சொல். கல்யாணம் முடிந்ததும் அந்த நோட்டை அப்பா பொறுப்பிலேயே விட்டுவிடாதே. ஒரு முறை நீயே முழுதாகப் படி. இனி அந்த வீடுகளுக்கெல்லாம் போய்வர வேண்டியவன் நீ.

அன்புடன்,
உன் ஆசிரியர்